சாலைக் கணக்கில் நம் பெயர் எங்கே?

(தென்காசியில் கூடிய தமிழன்பர் அவையில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



மொழிப்பற்றாளர் கூடும் அவையில் சாலையைப் பற்றிப் பேசுவது எற்றுக்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். மொழி என்பது ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. வயலில் வாழ்கிறது, சந்தையில் வாழ்கிறது, ஊரை ஊரோடு இணைக்கும் வழியில் வாழ்கிறது. வழி, நெறி, தடம், அதர், பெருவழி, சாலை என நடந்துசெல்லும் நிலத்துக்கு இத்தனை பெயர் வைத்த இனம் நம்மினம். இன்று நம் வயலின் நடுவே எவ்வளவு அகலத்தில், எந்தத் திசையில், யாருக்காகச் சாலை போடுவது என்பதை ஒரு கணக்கு முடிவு செய்கிறது. அக்கணக்கு நம் மொழியில் இல்லை. நம்மைக் கேட்டு எழுதப்படவும் இல்லை. எனவேதான் இது நம் அவைக்குரிய பொருள் என்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் சாலைக்குப் பகைவனல்லேன். தென்காசி 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள்தான் தனி மாவட்டமாயிற்று. அதுவரை நம் மக்கள் மாவட்டத் தலைமையகத்துக்குச் செல்லவேண்டுமானால் திருநெல்வேலிக்குத்தான் போயாக வேண்டும். இன்றும் உயிர்காக்கும் பெருமருத்துவத்துக்குப் பாளையங்கோட்டையை நோக்கியே நோயாளர் ஊர்தி பறக்கிறது. பாவூர்ச்சத்திரத்துக் காய்கறியும் புளியங்குடி எலுமிச்சையும் வாடுமுன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் உழவன் கையில் நாலு காசு நிற்கும். சாலை வேண்டா என்பவன் இவ்வூரில் ஒருவனும் இரான். எந்தச் சாலை, எவ்வழியாக, எவ்விலைக்கு என்பதே கேள்வி.

இக்கேள்வியை எப்படிக் கேட்பது என்று நமக்குக் கற்றுக்கொடுக்க வெளிநாட்டார் வரவேண்டியதில்லை. வள்ளுவப் பெருமான் 'தெரிந்து செயல்வகை' என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே, ஒரு செயலில் இறங்குமுன் அதனால் அழியக்கூடியதையும் ஆகக்கூடியதையும், ஆனபின் அதன்வழியே தொடர்ந்து வரும் ஊதியத்தையும் சேர்த்து எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். அதே அதிகாரத்தில், வரப்போகும் ஊதியத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் வேலையை அறிவுடையார் மேற்கொள்ளார் என்றும் எச்சரிக்கிறார். இற்றைப் பொருளியலார் 'செலவு-பயன் ஆய்வு' என்று பெரிய பெயரிட்டு அழைப்பதன் வித்து இங்கே இருக்கிறது. இழப்பை முதலில் எண்ணு என்கிறார் அவர். இற்றைக் கணக்கர் பயனை முதலில் எண்ணிவிட்டு, இழப்பில் எண்ண முடிந்ததை மட்டும் எண்ணுகின்றனர்.

அக்கணக்கு எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது. பிரெஞ்சு நாட்டில் சாலை, பாலப் பொறியாளராக இருந்த சூல் துப்பூயி என்பார் 1844ஆம் ஆண்டில், ஒரு பாலத்தால் மக்கள் அடையும் பயன் அவர்கள் கட்டும் சுங்கத்தை விடப் பெரிது, அப்பயனை அளக்க முடியும் என்று எழுதினார். 1936ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு வெள்ளத்தடுப்புச் சட்டம், பயன் செலவை விஞ்சினால்தான் அரசு வேலையில் இறங்கலாம் என்றது. ஆனால் அப்பயன் 'யாரைச் சேர்ந்தாலும் சரி' என்றும் சொல்லிவிட்டது. தோழர்களே, வினையே அங்கேதான் தொடங்குகிறது! இழப்பவன் ஒருவனாகவும் பெறுபவன் இன்னொருவனாகவும் இருந்தாலும் கூட்டிக் கழித்து மிச்சம் நின்றால் போதும் என்பது அதன் பொருள். சிவகிரி உழவன் இழந்ததைக் கொல்லத்து வணிகன் பெற்றால் கணக்கு நேராகிவிடும். உழவன் நேராவானா?

பின்னர் 1970ஆம் ஆண்டுகளில் உலக வைப்பகத்தார் கென்யா நாட்டுச் சாலைகளில் ஊர்திகளை ஓட்டி, எரிபொருள் எவ்வளவு, உருளைத் தேய்வு எவ்வளவு என்று அளந்தனர். அவ்வளவை பிரேசிலிலும் இந்தியாவிலும் தொடர்ந்தது. அவற்றைக் கொண்டு கணிப்பொறியில் போடத்தக்க கணக்குமுறை உருவாயிற்று. இந்தியச் சாலைப் பேரவையும் தனக்கெனக் கையேடு வெளியிட்டது. இன்று ஒரு பெருஞ்சாலைக்கு ஒப்புதல் வாங்க வேண்டுமானால், ஊர்தி ஓட்டும் செலவில் மிச்சம், நேரத்தில் மிச்சம், நேர்ச்சிகளில் குறைவு ஆகிய மூன்றையும் உருபாவாக்கி, சாலை போடும் செலவோடும் பேணும் செலவோடும் ஒப்பிட்டு, ஆண்டுக்கு 12 விழுக்காடு ஊதியம் தேறுகிறதா என்று பார்ப்பது நெடுங்கால வழக்கம்.

முறை தவறென்று நான் சொல்லவில்லை. கணக்கில்லாமல் கட்சிக்காரர் விருப்பத்துக்குச் சாலை போடுவதைவிடக் கணக்கோடு போடுவது மேல். ஆனால் அக்கணக்கின் உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்து பார்க்கவேண்டும்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். மகிழுந்தில் போகிறவனின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை. பேருந்தில் போகிறவனின் ஒரு மணி நேரத்துக்கு அதனினும் குறைந்த விலை. வருவாய் மிக்கவன் நேரம் மதிப்பு மிக்கது என்பது அவர்கள் அடிப்படை. சரி, நடப்பவள் நேரத்துக்கு என்ன விலை? மாட்டுக்குப் புல்லறுத்துத் தலையில் சுமந்துவரும் ஒரு தாய், முன்பு குறுக்கே பத்து எட்டில் கடந்த வழியை, நாற்றடச் சாலை வந்தபின் நடுத்தடுப்பில் இடைவெளி உள்ள இடம்வரை நடந்து சுற்றிக் கடக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். போகப் பத்து மணித்துளி, வரப் பத்து மணித்துளி. ஆண்டில் 300 நாள் வேலை என்றால் அவள் இழப்பது 100 மணி நேரம். அச்சாலையில் விரைந்து போகிறவன் மிச்சம் பிடித்த மணித்துளிகள் வரவில் ஏறுகின்றன. இவள் இழந்த நூறு மணி நேரம் செலவில் ஏறுவது மிக அரிது. எழுதப்படாத இழப்பு இழப்பன்று என்பதா அறம்?

அடுத்தது கழிவு வட்டி. நாளைக்கு வரும் நூறு உருபா இன்றைக்கு நூறாகாது என்பது உண்மைதான். ஆனால் 12 விழுக்காடு என்று வைத்துக் கழித்துப் பாருங்கள். இருபது ஆண்டு கழித்து வரும் நூறு உருபாவின் இன்றைய மதிப்பு 10 உருபா 37 காசு. முப்பது ஆண்டு கழித்து வருவதன் மதிப்பு 3 உருபா 34 காசு. ஐம்பது ஆண்டு கழித்து வருவதன் மதிப்பு வெறும் 35 காசு! ஒரு குளத்துப் பாசன வயல் நம் பேரன் காலத்தில் விளைவிக்கப்போகும் நெல்லுக்கு இக்கணக்கில் உள்ள மதிப்பு நூற்றில் முப்பத்தைந்து காசு. பாண்டியர் காலத்துக் குளங்களின் நீரை இன்றும் பாய்ச்சிக்கொண்டிருக்கிற நாம், நம் பின்னோர்க்கு வைக்கும் மதிப்பு அதுதானா? அற்றைக் குளவெட்டியவன் 12 விழுக்காடு கணக்குப் பார்த்திருந்தால் இவ்வட்டாரத்தில் ஒரு குளமும் இராது.

மூன்றாவது, விலையில்லாப் பொருளுக்கு விலை வைப்பது. இலண்டன் மாநகருக்கு மூன்றாவது வானூர்தி நிலையம் எங்கே அமைப்பது என்று ஆராய 1968ஆம் ஆண்டில் உரோசுகில் ஆணையத்தை அமைத்தார்கள். உலகிலேயே மிக விரிவான செலவு-பயன் கணக்கு அது என்று பெயர். அதில் இசுட்டூக்கிளி என்னும் ஊரில் 12ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கும் கோயிலொன்றுக்கு என்ன விலை வைத்தனர் தெரியுமா? அதன் தீக்காப்பீட்டுத் தொகையை! எண்ணூறு ஆண்டு மக்கள் தொழுத இடத்தின் மதிப்பு, எரிந்துபோனால் காப்பீட்டார் கொடுக்கும் பணம். ஆங்கில நாடே நகைத்தது. ஆணையம் பரிந்துரைத்த இடத்தை 1971இல் அந்நாட்டரசே ஏற்கவில்லை. நம் குற்றாலநாதர் கோயிலுக்கும் தென்காசிக் கோபுரத்துக்கும் அப்படியொரு விலையை யாரேனும் குறித்தால் நாம் ஒப்புவோமா?

இனி நம் ஊருக்கு வருவோம். திருமங்கலத்திலிருந்து இராசபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் நடுவணரசு நெடுஞ்சாலைக்கு முன்பு 208 என்று எண், இப்போது 744. அதனை நாற்றடச் சாலையாக்கும் திட்டத்தில், இராசபாளையத்துக்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட பகுதிக்குப் பழைய சாலையை விட்டு விலகிப் புதுத்தடம் குறித்தபோது, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வட்டாரத்து உழவர் எதிர்த்து எழுந்தனர். அவர்கள் சாலையே வேண்டா என்று சொல்லவில்லை. நன்செயை விட்டுவிட்டுப் புன்செய் வழியாகத் திருப்புங்கள் என்றுதான் சொன்னார்கள். இதைவிட நேர்மையான வேண்டுகோள் வேறுண்டோ?

நன்செய்க்கும் புன்செய்க்கும் உள்ள வேறுபாடு விலையில் மட்டும் இல்லை என்பதை நகரத்தில் அமர்ந்து தடம் வரைபவர் அறிதல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையடியில் நம் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிறது. மலையில் பெய்த மழை ஓடையாகிக் குளத்தில் நின்று, அதன் கலிங்கில் வழிந்து அடுத்த குளத்துக்குப் போகிறது. ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் குளங்கள் அவை. சாலையோ வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. அதாவது நீரோட்டத்துக்குக் குறுக்கே. ஆளுயரத்துக்கு மண்மேடு கொட்டி அதன்மேல் சாலை போட்டால், அது நெடிய கரையொன்றைக் கட்டியதற்கு ஒப்பாகும். போதிய மதகும் பாலமும் வைக்காவிட்டால் மேற்புறத்து வயலில் நீர் தேங்கிப் பயிர் அழுகும். கீழ்ப்புறத்து வயலில் நீரின்றிப் பயிர் காயும்.

இங்கேதான் இழப்பீட்டுக் கணக்கின் ஓட்டை தெரிகிறது. சாலைக்கு அடியில் போகும் நிலத்துக்கு இழப்பீடு உண்டு. ஆனால் சாலைக்கு அப்பால், மடை அறுந்து நிற்கும் நிலத்துக்கு? அவன் நிலத்தில் ஒரு பிடி மண்ணும் எடுக்கப்படவில்லை, பட்டா அவன் பெயரிலேயே இருக்கிறது, நீர்தான் இல்லை! குத்தகைக்கு உழுதவனும், நாற்று நட்டுக் களை பறித்துக் கூலி பெற்ற பெண்டிரும் என்ன ஆவார்? மறுவாழ்வுக்குச் சட்டத்தில் அவர்களுக்கும் இடம் உண்டு. ஆனால் பட்டாவில் பெயர் இல்லாதவர் தாம் அந்நிலத்தால் பிழைத்தவர் என்பதைத் தாமே மெய்ப்பித்தாக வேண்டும். எந்தத் தாளைக் காட்டி மெய்ப்பிப்பார்? சேறு படிந்த காலையா காட்டுவார்?

அடுத்து, திருநெல்வேலி - தென்காசிச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். இது மாநில அரசின் சாலை. நீளம் ஏறத்தாழ 45 கி.மீ. உலக வைப்பகம் 2015ஆம் ஆண்டில் 30 கோடி தாலர் கடன் ஒப்பிய தமிழ்நாட்டுச் சாலைத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் இதனை நாற்றடமாக்க எடுத்தார்கள். இச்சாலை நமக்குத் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நம் பாட்டன்மார் நட்டு வளர்த்த நிழல்மரங்கள் சாய்ந்ததை நாம் கண்ணால் கண்டோம். ஒரு மரத்தின் விலை என்ன? ஏலத்தில் விறகு விலை. ஆனால் உச்ச முறைமன்றம் அமைத்த வல்லுநர் குழு, ஒரு மரம் உயிரோடு நின்று தரும் பயனை ஆண்டொன்றுக்கு 74,500 உருபா என மதிப்பிட்டது. அக்கணக்கின்படி நாற்பது ஆண்டு நின்ற புளியமரம் ஒன்றின் மதிப்பு 29 இலக்கத்து 80 ஆயிரம் உருபா. அந்த எண்ணை அப்படியே ஏற்கவேண்டும் என்பதில்லை. விறகு விலைக்கும் அதற்கும் இடையே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று பாருங்கள்! ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுவோம் என்கின்றனர். நடுவது ஒருநாள் வேலை. நீரூற்றுவது ஐந்தாண்டு வேலை. நட்ட கன்றின் எண்ணிக்கையை விடுங்கள். நின்ற மரத்தின் எண்ணிக்கையைக் காட்டுங்கள் என்று நாம் கேட்கவேண்டும்.

இனிப் புளியரைக்குப் போவோம். நம் மலையை உடைத்துச் சல்லியாகவும் கல்மணலாகவும் குண்டுக்கல்லாகவும் ஏற்றிக்கொண்டு சரக்குந்துகள் அணியணியாக எல்லை கடக்கின்றன. மலையாள மக்கள் மேல் நமக்குக் காழ்ப்பில்லை. அவர்கள் நம்மோடு ஒருகொடியிற் பிறந்தவர். தம் மலையைக் காத்துக்கொண்டு நம் மலையை விலைக்கு வாங்குகிறவர்களைவிட, நம் மலையை விலைக்கு விற்கிறவர்கள் மேல்தான் நம் சினம் பாயவேண்டும். மிகைச்சுமை ஏற்றிச் செல்கின்றன என்று ஊர்மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். மிகைச்சுமை என்றால் என்ன என்பதைப் பொறியியல் முறையில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, சாலையைப் போட்டு அதன்மேல் பல எடையுள்ள ஊர்திகளை ஓட்டிப் பார்த்தார்கள். சாலைக்கு ஏற்படும் கேடு, ஊர்தியின் அச்சு தாங்கும் சுமை கூடக்கூட, ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்காகப் பெருகுகிறது என்று கண்டார்கள். சுமை இருமடங்கானால் கேடு பதினாறு மடங்கு! நடுவணரசு 2018ஆம் ஆண்டு சூலைத் திங்களில், நான்கு உருளை உள்ள ஓரச்சுக்கு ஒப்பிய சுமையை 10.2 தொன்னிலிருந்து 11.5 தொன்னாக உயர்த்தியது. சுமை கூடியது நூற்றுக்குப் பதின்மூன்று. நான்காம் அடுக்குக் கணக்கில் சாலைக்குக் கேடு கூடியது நூற்றுக்கு அறுபதுக்கு மேல். சட்டம் ஒப்பிய சுமைக்கே இந்நிலை என்றால், சட்டத்தை மீறிய சுமைக்கு என்ன நிலை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கல்லை விற்ற ஊதியம் சிலருக்கு. கல்லைக் கொண்டு கட்டிய பயன் வேறொரு மாநிலத்துக்கு. குழியான சாலையைச் செப்பனிடும் செலவு நம் வரிப்பணத்துக்கு. செப்பனிடுவதற்குச் சல்லி வேண்டி நம் மலையையே மீண்டும் உடைக்கவேண்டும்!

அந்த மலைவழியில் நடந்த ஒன்றை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். 2024ஆம் ஆண்டு பிப்பிரவரி 25ஆம் நாள், விடியுமுன் இருளில், ஒட்டுப்பலகை ஏற்றி வந்த சரக்குந்து ஒன்று புளியரைக்கு அருகே வளைவில் உருண்டு கீழேயிருந்த இருப்புவழியில் விழுந்தது. ஊர்தியோட்டி உயிரிழந்தார். அவ்வழியே தொடர்வண்டி வந்துகொண்டிருந்தது. அருகில் குடியிருந்த முதிய இணையர் இருவர் கைவிளக்கைக் காட்டியபடி இருப்புவழியில் ஓடி வண்டியை நிறுத்தினர். முதலமைச்சர் அவர்களைப் பாராட்டிப் பரிசளித்தார். நான் கேட்பது இது: அவ்விரு முதியோர் ஓடிய ஓட்டத்தை நம்பியா ஒரு மலைவழியின் காப்பு இருப்பது? 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் மாண்டனர். நாளொன்றுக்கு 49 பேர். விரைவு கூடினால் நேரம் மிச்சம் என்று எழுதும் கை, விரைவு கூடினால் சாவும் கூடக்கூடும் என்பதையும் அதே தாளில் எழுதவேண்டாவா?

மாற்று வழி உண்டா என்று கேட்பார்கள். நூற்றிருபது ஆண்டுகட்கு முன்னே, 1904ஆம் ஆண்டிலேயே, செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலையைக் குடைந்து இருப்புவழி போட்டார்கள். அகலப் பாதையாக மாற்றுவதற்கென்று 2010ஆம் ஆண்டில் அதை மூடினார்கள், திறந்தது 2018இல். எட்டாண்டு மூடிக் கிடந்தபோது சரக்கும் மக்களும் சாலைக்குத் தள்ளப்பட்டனர். பிறகு சாலையில் ஊர்தி பெருகிவிட்டது, எனவே சாலையை அகலப்படுத்துவோம் என்கின்றனர்! மலையேற்றத்தில் தொடர்வண்டி இழுக்கும் சுமைக்கு எல்லை உண்டு என்பதை அறிவேன். ஆயினும், சாலைக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கை இருப்புவழிக்குச் செலவிட்டால் என்ன பயன் என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுவதில் என்ன தடை? சாலையை அகலப்படுத்தினால் புதிய ஊர்திகளே வந்து அதை நிரப்பும் என்று ஆங்கில நாட்டரசு அமைத்த ஆய்வுக்குழுவே 1994ஆம் ஆண்டில் எழுதி வைத்துவிட்டது.

இன்னொன்றையும் இங்கே மறக்கலாகாது. இந்தச் செங்கோட்டை 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்தான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அதுவும் வட்டம் முழுமையாக வரவில்லை; ஆரியங்காவு உள்ளிட்ட மேற்குப் பகுதி அப்பால் நின்றது. எல்லையை வரைந்தபோதும் நம்மைக் கேட்டு வரையவில்லை. சாலையை வரையும்போதாவது கேட்கவேண்டாவா?

கேட்பதற்கு முதல் தேவை, அவர்கள் சொல்வது நமக்குப் புரிவது. 2020ஆம் ஆண்டில் நடுவணரசு சூழல் தாக்க மதிப்பீட்டுக்குப் புதிய வரைவு விதிகளை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. எந்த மொழியில்? இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்! தில்லி உயர் முறைமன்றம் அவ்வாண்டு சூன் 30ஆம் நாள், அட்டவணையிலுள்ள மற்ற மொழிகளிலும் வெளியிடுங்கள் என்று ஆணையிட வேண்டியதாயிற்று. 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், நிலம் எடுக்குமுன் குமுகத் தாக்கத்தை ஆராய்ந்து அறிக்கையை அவ்விடத்து மொழியில் மக்கள்முன் வைக்கவேண்டும் என்கிறது. ஆனால் 1956ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் எடுக்கும் நிலத்துக்கு அவ்வாய்வு வேண்டா என்று விலக்கும் கொடுத்திருக்கிறது. நெடுஞ்சாலைக்கு நிலம் இழப்பவன் மறுப்புச் சொல்ல 21 நாள். முந்நூறு நானூறு பக்கத்து ஆங்கில அறிக்கையை நம் உழவன் எந்த 21 நாளில் படிப்பான்? படித்துச் சொல்ல யாரைத் தேடுவான்?

சேலம் - சென்னை எட்டுத்தடச் சாலையில் என்ன நடந்தது? 277 கி.மீ. சாலை, 10,000 கோடி உருபா என்று 2018இல் அறிவித்தனர். உழவர் வயலில் கல்லை நட்டபின்தான் செய்தியே தெரிந்தது. 2019 ஏப்பிரல் 8ஆம் நாள் சென்னை உயர் முறைமன்றம் நிலமெடுப்பைச் செல்லாதென்றது. 2020 திசம்பர் 8ஆம் நாள் உச்ச முறைமன்றம் அத்தீர்ப்பைப் பெரும்பாலும் மாற்றி, புதிதாக அறிவிக்கை விடலாம் என்றது. முன்னரே ஊரைக் கூட்டித் தமிழில் கணக்கை விரித்திருந்தால் இத்தனை கண்ணீரும் வழக்கும் எதற்கு?

2017ஆம் ஆண்டில் வேலூர், கிருட்டிணகிரிப் பக்கத்து நெடுஞ்சாலைக் கற்களில் ஆங்கிலத்தை அழித்து இந்தியை எழுதியபோது நாம் கொதித்தோம். கொதித்தது சரியே. ஆனால் கல்லில் உள்ள எழுத்தைவிட ஆழமான இடத்தில், சாலைக்கான கணக்கேட்டில், தமிழ் அடியோடு இல்லையே. அதற்கு நாம் கொதித்தோமா?

தருமபுரிப் பகுதியில் 'அதியமான் பெருவழி'யின் காதக்கற்கள் கிடைத்திருக்கின்றன. நாவற்றாவளம் என்னும் ஊருக்கு இத்தனை காதம் என்று தமிழில் வெட்டி, எண்ணையும் பொறித்து, அதோடு நில்லாமல் பெருங்குழியும் சிறுகுழியுமாகக் குடைந்திருக்கிறார்கள். 29 காதத்துக்கு இரண்டு பெருங்குழி, ஒன்பது சிறுகுழி. எதற்கு? எழுத்தறியாத வழிப்போக்கனும் விரலால் தடவி எண்ணித் தெரிந்துகொள்வதற்கு! எழுநூறு ஆண்டுகட்கு முன்னைத் தமிழரசன் ஒருவனுக்கு, சாலையில் நடப்பவன் எவனோ அவனுக்குப் புரியவேண்டும் என்ற எண்ணம் இருந்தது. எழுத்தறிந்த மக்களாட்சிக்கு அவ்வெண்ணம் இல்லை.

என்ன செய்யவேண்டும்? நான் ஐந்து வேண்டுகோள்களை இவ்வவை முன் வைக்கிறேன்.

ஒன்று: தென்காசி மாவட்டத்தில் எடுக்கப்படும் ஒவ்வொரு சாலைத் திட்டத்தின் முழு அறிக்கையும், செலவு-பயன் கணக்கு உட்பட, தமிழில் ஊரவையின் முன் வைக்கப்படவேண்டும். சுருக்கம் போதாது, கணக்கும் வேண்டும்.

இரண்டு: பயன் இவ்வளவு, செலவு இவ்வளவு என்னும் கூட்டுத்தொகைக்குக் கீழே, பெறுவோர் யார், இழப்போர் யார் என்று பிரித்து எழுதப்படவேண்டும். நடப்போர் நேரமும், மடை அறுந்த வயலும், கூலியிழந்த கையும் அப்பட்டியலில் வரவேண்டும்.

மூன்று: ஒரே தடத்தைக் காட்டி 'வேண்டுமா, வேண்டாவா' என்று கேட்பது ஒழியவேண்டும். நன்செய்த் தடம், புன்செய்த் தடம், இருக்கும் சாலையைச் செப்பனிடல், இருப்புவழியை வலுப்படுத்தல் ஆகிய நான்கையும் ஒருசேர வைத்து ஒப்பிடவேண்டும்.

நான்கு: புளியரை வழிச் செல்லும் ஒவ்வொரு சரக்குந்தையும் எடைபோட்டு, அவ்வெடையை நாள்தோறும் பொதுமக்கள் காணும்படி வெளியிடவேண்டும்.

ஐந்து: சாலை திறந்து ஐந்தாண்டு கழித்து, முன்பு எழுதிய கணக்கும் பின்பு நடந்ததும் ஒத்திருக்கின்றனவா என்று ஆய்ந்து, அவ்வாய்வையும் தமிழில் வெளியிடவேண்டும். தேர்வு எழுதியவன் விடைத்தாளைத் திருத்தாமலே வெற்றி என்று அறிவிக்கும் வழக்கம் இனி வேண்டா.

இவை கிடைக்கும்வரை கைகட்டி இருக்கவேண்டுவதில்லை. 2005ஆம் ஆண்டுச் செய்தியறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வேண்டுகையை அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலேயே எழுதலாம், சட்டமே சொல்கிறது. எனவே தமிழில் எழுதுங்கள். நடுவணரசு அலுவலகமானாலும் தமிழில் எழுதுங்கள். ஊரவைக் கூட்டம் நடக்கும் நாளில் வேலையை ஒதுக்கிவிட்டுப் போய் உட்காருங்கள். தீர்மானத்தைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுப் படி வாங்கிக்கொள்ளுங்கள். பொறியியலும் பொருளியலும் கற்ற நம் இளைஞர்கள், அவ்வறிக்கைகளை எளிய தமிழில் பெயர்த்து ஊருக்குப் படித்துக் காட்டும் பணியை மேற்கொள்ளுங்கள். ஒரு கவிதை எழுதுவதற்கு ஒப்பான தமிழ்த்தொண்டு அது. மொழிஞாயிறு பாவாணர் பிறந்த சங்கரன்கோவில் இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. எப்பொருளையும் தமிழில் சொல்ல முடியும் என்று வாழ்நாளெல்லாம் மெய்ப்பித்தவர் அவர். கழிவு வட்டியையும் அச்சுச்சுமையையும் தமிழில் சொல்ல முடியாதென்று எவனும் இனி நம்மிடம் சொல்லாதிருக்கட்டும்; சற்றுமுன் அவற்றைத் தமிழில்தானே பேசினோம், நீங்களும் புரிந்துகொண்டுதானே தலையசைத்தீர்கள்!

மேலைக்காற்றில் சாரல் வீசும் இந்நாளில், பேரருவியில் விழும் நீர் சிற்றாறாகி, வயல்களைத் தொட்டுத் தொட்டுச் சென்று சீவலப்பேரியில் பொருநையோடு கலக்கிறது. அந்த நீர்வழிக்கு எந்தக் கணக்கிலும் வரவு எழுதப்படவில்லை. எழுதப்படாததாலேயே அது அழிக்கப்படத் தக்கதாகிவிடுமோ என்பதுதான் என் அச்சம். சாலை வரட்டும், வயலைக் கேட்டு வரட்டும், நீரைக் கேட்டு வரட்டும், நம் மொழியில் கேட்டு வரட்டும். கேட்டபின் நாமே இடம் விடுவோம்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்நிலம்!